பாடநூலில் ஒரு வரி. கோயில் சுவரில் ஆயிரம் கல்வெட்டு

புது தில்லி: 2023-24 நிதிநிலை அறிக்கை என்றதும் புதிய வருமான வரி விகிதங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி மக்களவையில் அந்த அறிக்கையைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அதே உரையில் வரிக்குச் சம்பந்தமில்லாத ஓர் அறிவிப்பையும் வெளியிட்டார். "பாரத் ஸ்ரீ" என்ற பெயரில் கல்வெட்டுகளுக்கென ஒரு மின்னணுக் களஞ்சியம் அமைக்கப்படும். முதல் கட்டமாக ஒரு லட்சம் பழங்காலக் கல்வெட்டுகள் மின்னணு வடிவுக்கு மாற்றப்படும் என்பதே அது. ஈராண்டு கழித்து, 2025-26 நிதிநிலை அறிக்கையில், ஒரு கோடிக்கும் அதிகமான சுவடிகளைக் கணக்கெடுத்துப் பாதுகாக்கும் "ஞான பாரதம்" இயக்கம் அறிவிக்கப்பட்டது.

இரண்டும் வரவேற்க வேண்டிய அறிவிப்புகள். ஆனால், கல்வெட்டைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுவது ஒரு பணி. அதைப் படித்துப் பொருள் காண்பது வேறு பணி. முதலாவதற்கு நிதி ஒதுக்கினால் போதும். இரண்டாவதற்கு ஆள் வேண்டும். இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை அறிய, தமிழக எல்லையை ஒட்டியுள்ள சித்தூர், திருப்பதி மாவட்டங்களைப் பார்த்தாலே போதும்.

தேசிய கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.) 2007-இல் வெளியிட்ட 12-ஆம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் விஜயநகரத்துக்கென ஒரு தனி அத்தியாயம் உண்டு. ஹம்பியின் கோட்டை மதில்கள், நீர்வழிகள், மகாநவமி மேடை என அந்த அத்தியாயம் விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் என்ன நடந்தது என்ற இடம் வந்ததும் நடை வேகமெடுக்கிறது. அதிகாரம் கிழக்கே நகர்ந்தது. ஆரவீடு மரபினர் பெனுகொண்டாவிலிருந்தும், பின்னர் சந்திரகிரியிலிருந்தும் ஆண்டனர் என்று ஒரே வரி. சந்திரகிரி எங்கே இருக்கிறது என்று மாணவர் குழம்பாதிருக்க, திருப்பதிக்கு அருகில் என்று அடைப்புக் குறிக்குள் ஒரு விளக்கமும் உண்டு.

இடிந்த தலைநகருக்கு ஓர் அத்தியாயம் கிடைத்திருக்கிறது. இடியாமல் நிற்கும் அரண்மனைக்கு ஓர் அடைப்புக் குறிதான். திருப்பதியிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில், சொர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள சந்திரகிரிக் கோட்டைக்குள் ராஜ மஹாலும் ராணி மஹாலும் இன்றும் நிற்கின்றன. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்ட மூன்று தள ராஜ மஹால், இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் அருங்காட்சியகமாக உள்ளது. அரண்மனையை விடவும் பெரிய ஆவணக் காப்பகம் அருகிலேயே இருக்கிறது. திருமலை, திருப்பதி, திருச்சானூர் கோயில்களின் சுவர்கள்தாம் அவை.

இக்கோயில்களில் படியெடுக்கப்பட்ட கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் அதிகம். மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. தெலுங்கு, கன்னடக் கல்வெட்டுகள் சொற்பமே. பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளும் இவற்றில் உண்டு என்றாலும், பெரும்பகுதி 15, 16-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. அதாவது, சாளுவ, துளுவ, ஆரவீடு மரபினர் தென்னகத்தை எப்படி ஆண்டார்கள் என்பதற்கு, அந்தந்த ஆண்டில், அந்தந்த நாளில் எழுதப்பட்ட சான்றுகள்.

ஏழு முறை வந்த மன்னர்

1509-இல் அரியணை ஏறிய கிருஷ்ணதேவராயர், 1513 பிப்ரவரியில் முதன்முறையாகத் திருமலைக்கு வந்தார். 1521-க்குள் மொத்தம் 7 முறை வந்து சென்றதைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. கஜபதியிடமிருந்து உதயகிரிக் கோட்டையைக் கைப்பற்றிய கையோடு, 1514-இல் வந்தபோது 30,000 பொற்காசுகளால் கனகாபிஷேகம் செய்வித்தார். அவரது கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் பொறிக்கப்பட்டன. திருமலாதேவி, சின்னாதேவி ஆகிய தேவியர் இருவருடன் கைகூப்பி நிற்கும் அவரது செப்புச் சிலையை, கோயில் மகாத்துவாரத்தைக் கடந்து நுழையும் மண்டபத்தில் பக்தர்கள் இன்றும் காணலாம். வரிசை நிற்க விட்டால்.

பக்தி உண்மையானது என்பதில் ஐயமில்லை. அதனுடன் அரசியலும் இருந்தது. சந்திரகிரியைத் தளமாகக் கொண்டிருந்த சாளுவ நரசிம்மர், 1485 வாக்கில் பழைய சங்கம மரபினரிடமிருந்து ஆட்சியைப் பறித்தார். 20 ஆண்டுகளுக்குள் சாளுவரிடமிருந்து துளுவர் பறித்தனர். கிருஷ்ணதேவராயர் அமர்ந்தது, அவர் குடும்பத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கிடைத்த அரியணை. வாளால் பெற்ற பதவிக்கு மக்கள் ஏற்கும் வேறோர் ஆதாரம் தேவைப்பட்டது. சாளுவ நரசிம்மர் ஏற்கெனவே பெரும் பொருள் செலவிட்டு வளர்த்திருந்த திருமலை அதற்குப் பொருந்திய இடமாக அமைந்தது. ஆரவீடு மன்னர் வேங்கடபதி ராயர் காலத்துக்கு வரும்போது, அரச சாசனங்களின் இறுதியில் வழிவழியாக இடப்பட்டு வந்த "ஸ்ரீ விரூபாக்ஷ" என்ற ஒப்பமே "ஸ்ரீ வேங்கடேச" என்று மாறிவிட்டது. துங்கபத்திரைக் கரை தெய்வத்தின் பெயரில் நடந்த அரசு, வேங்கட மலைத் தெய்வத்தின் பெயரில் நடக்கத் தொடங்கியது.

கிருஷ்ணதேவராயர் முதன்முறை திருமலை ஏறிய அதே 1513-இல்தான், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பதவி பறிக்கப்பட்ட அதிகாரி மாக்கியவெல்லி, "இளவரசன்" நூலை எழுதிக் கொண்டிருந்தார். அரசியல் படிக்கும் மாணவர்கள் உலகெங்கும் அந்நூலைப் படிக்கின்றனர். தில்லிப் பல்கலைக்கழக வகுப்பறைகளிலும் அது உண்டு. அதே தலைமுறையில், பதவியில் இருந்த ஒரு மன்னரே எழுதிய ஆட்சிமுறை விளக்கம் தெலுங்கில் இருப்பதை அறிந்தோர் குறைவு.

"ஆமுக்தமால்யதா" என்ற அந்தக் காவியம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைக் கூறுவது, திருவேங்கடமுடையானுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. தமிழ்ப் பெண் கவியைப் பற்றி, கன்னட நாட்டுத் தலைநகரில் அமர்ந்து, தெலுங்கில் எழுதப்பட்ட நூல். இதன் நான்காம் பகுதியில் ஆளவந்தார் வருகிறார். வாதில் வென்று பாதி ராஜ்ஜியம் பெற்ற அவர், துறவு பூண்டு வெளியேறும் முன் தம் மகனுக்கு ஆட்சி நடத்தும் முறையைச் சொல்லிச் செல்வதாக அமைந்த பகுதி அது. பேசுவது ஆளவந்தார் என்றாலும், அனுபவம் முழுவதும் ராயருடையது.

வருவாயை நான்காகப் பிரிக்கச் சொல்கிறது அந்த அறிவுரை. இரண்டு பங்கு படைக்கு. ஒரு பங்கு அரசனின் சொந்தச் செலவுக்கும் கொடைக்கும். எஞ்சிய ஒரு பங்கு கருவூலத்தில் சேமிப்பாக நிற்க வேண்டும். நாடு சிறியதாயினும் ஏரியும் கால்வாயும் வெட்டி, ஏழை உழவனுக்கு வரியைக் குறைத்தால் செல்வம் பெருகும் என்கிறது. துறைமுகங்களைச் செம்மைப்படுத்தி, குதிரை, யானை, மணி, முத்து, சந்தனம் ஆகியவை தடையின்றி வந்திறங்க வழி செய்ய வேண்டும். புயலாலும் நோயாலும் கரை ஒதுங்கும் அயல்நாட்டு மாலுமிகளைப் பேண வேண்டும் என்றும் கூறுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் வெளிநாட்டு வணிகர்களுக்கு வீடும் ஊரும் நல்ல விலையும் கொடுத்து அருகிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடில் அவை எதிரியின் கைக்குப் போய்விடும் என எச்சரிக்கிறது. 1510-இல் கோவாவைப் போர்ச்சுகீசியர் பிடித்தபின், அரபுக் குதிரை யாருக்குப் போகும் என்பது உயிர்ப் பிரச்னையாகிவிட்ட காலம் அது. இந்த வரிகள் எட்டுச் சுவடி நீதியன்று. அன்றைய வெளியுறவுக் கொள்கை.

காட்டில் வாழும் குடிகளைப் பற்றிய பகுதி இன்றைய வாசகரைச் சற்று நிறுத்தும். அவர்களை முற்றாக அடக்கிவிட முடியாது. சொன்ன சொல் தவறாமல் நடந்து நம்பிக்கையைப் பெற வேண்டும் என்பது ராயரின் வழி. கோட்டைகளை அந்தணர் பொறுப்பில் விட வேண்டும் என்பது போன்ற, இன்று ஏற்க முடியாத யோசனைகளும் உண்டு. அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. சொந்தப் படையும் உறவுப் படையும் கொண்ட தளபதிகளை அரசன் அஞ்சினான் என்பதே அந்தக் கணக்கு.

இப்பகுதியை 1926-இலேயே ஏ. ரங்கசாமி சரஸ்வதி ஆங்கிலத்தில் தந்தார். பின்னர் வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் விரிவாக ஆராய்ந்து, இதை ஒரு புதிய அரசியல் சிந்தனையாக அடையாளம் காட்டினர். அந்தக் கட்டுரை வெளியான இடம் கவனிக்கத்தக்கது: தமிழறிஞர் பிரான்சுவா குரோவைச் சிறப்பித்துப் புதுச்சேரியில் 2004-இல் வெளியிடப்பட்ட தொகுப்பு நூல்.

நாலில் ஒன்று

நூலில் சொன்னது ஒன்று; நடந்தது என்ன? அதற்குத்தான் கோயில் சுவருக்கு வர வேண்டும்.

திருமலைக் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் நடைமுறை இதுதான். மன்னரோ, தளபதியோ, வணிகரோ, மடத்தைச் சேர்ந்தவரோ ஒருவர் குறிப்பிட்ட அளவு "நற்பணம்" கோயில் பண்டாரத்தில் செலுத்துகிறார். அந்தப் பணம் பெட்டியில் உறங்குவதில்லை. கோயிலுக்குச் சொந்தமான "திருவிடையாட்ட" ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்ட அது செலவிடப்படுகிறது. பாசனம் பெற்ற நிலத்தில் கூடுதலாக விளையும் விளைச்சலைக் கொண்டு, கொடையாளர் குறித்த நாளில், குறித்த அளவு அமுது படைக்கப்படுகிறது. இத்தனை நாழி அரிசி, இவ்வளவு நெய், இவ்வளவு பயறு என்று கல்வெட்டு அளவு சொல்கிறது. படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடையாளருக்கு உரியது. "விட்டவன் விழுக்காடு" என்பது அதன் பெயர். மற்றப் பங்கு கோயில் நிர்வாகிகளுக்கும் பணியாளர்களுக்கும் போகும். இந்த ஏற்பாடு, சந்திரனும் சூரியனும் உள்ளவரை, கொடையாளரின் சந்ததிக்கும் தொடரும்.

வானம் பார்த்த பூமியான இப்பகுதியில், கோயில் வழியாக மூலதனம் ஏரிக்குப் போயிற்று என்பதே இதன் பொருள். ஆமுக்தமால்யதா சொன்ன ஏரியும் கால்வாயும் இங்கே கணக்கு வழக்குடன் நிற்கின்றன. பிரசாதப் பங்கோ உணவு மட்டுமன்று, மரியாதை. அதைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் ஒரு மடத்துக்கோ, யாத்திரிகர்களுக்கு உணவிடும் ராமானுஜகூடத்துக்கோ கொடையாளர் மாற்றி எழுதி வைக்க முடிந்தது. சாளுவ நரசிம்மர் தம் கொடைகளின் பங்கை அவ்வாறு ராமானுஜகூடத்துக்குத் திருப்பிவிட்டு, அதன் பொறுப்பைக் கந்தாடை ராமானுஜ ஐயங்காரிடம் ஒப்படைத்தார். மன்னர் கொடுத்தார், துறவி பங்கிட்டார், தொலைதூரத்திலிருந்து வந்த யாத்திரிகர் உண்டார். மன்னரின் பெயர், படை போகாத ஊர்களுக்கும் போயிற்று. இன்று அரசுத் திட்டங்களுக்குத் தலைவர்களின் பெயர் சூட்டுவது பற்றி நாடாளுமன்றத்தில் எழும் கூச்சலுடன் ஒப்பிட்டால், அக்கால ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும்.

இத்தனைக்கும் மன்னர் கோயிலை நேரடியாக நிர்வகிக்கவில்லை. கல்வெட்டுகளில் ஒப்பந்தத்தின் மறுதரப்பாக இருப்பவர்கள் "ஸ்தானத்தார்". திருச்சானூர் சபையார், நம்பிமார், ஜீயர்கள், கோயில் கணக்கர் ஆகியோரைக் கொண்ட குழு அது. பேரரசரே ஆனாலும் பணம் செலுத்தினால், பெற்றுக்கொண்டு இன்னின்னது செய்வோம் என்று எழுதித் தருபவர்கள் இவர்கள்தாம்.

இந்த முறையை உலக ஆய்வரங்குக்குக் கொண்டு சென்றவர் அமெரிக்க அறிஞர் பர்டன் ஸ்டைன். சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வி. விஜயராகவாச்சாரியார் ஆகியோர் பதிப்பித்து, தேவஸ்தானம் 1930-களில் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளை அடிப்படையாகக் கொண்டு, 1958-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். பின்னாளில் தென்னிந்திய அரசு என்பது மையத்திலிருந்து ஆணையிடும் எந்திரம் அல்ல. பல அடுக்குத் தலைமைகளைச் சடங்கும் மரியாதையும் பிணைத்து வைத்த அமைப்பு என்று அவர் வாதிட்டார். விஜயநகரத்தைப் போருக்கென அமைந்த வலிய அரசாகக் கண்ட கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் பார்வைக்கு இது நேர் எதிரானது. இரண்டையும் ஏற்காதவர் ஜப்பானியத் தமிழறிஞர் நொபொரு கராஷிமா. பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களின் தமிழ்க் கல்வெட்டுகளை ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்த்து, நாயக்கர்களின் ஆட்சி நிலமானிய முறைக்கு நெருக்கமானது என்றார். 2013-இல் பிரதமர் மன்மோகன் சிங் டோக்கியோ சென்றபோது அவருக்குப் பத்மஸ்ரீ விருதை நேரில் வழங்கினார். 2015-இல் கராஷிமா மறைந்தார்.

சென்னையிலும் சிகாகோவிலும் டோக்கியோவிலும் அமர்ந்து இவர்கள் நடத்திய விவாதம், அரசு என்றால் என்ன என்பது பற்றியது. மத்தியில் அதிகாரம் குவிவதா, பரவலாவதா என்று நாள்தோறும் பேசும் தலைநகரில் அந்த விவாதத்துக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

சிறையும் தலைநகரும்

திருமலையில் காணிக்கை செலுத்திய ராயர்களுக்கு, அடிவாரத்துச் சந்திரகிரி வேறு வகையில் பயன்பட்டது. அரியணைக்குப் போட்டி வராமலிருக்க, கிருஷ்ணதேவராயர் தம் சகோதரர்களையும், அண்ணன் மகனான சிறுவனையும் அக்கோட்டையில் அடைத்து வைத்ததாகப் போர்ச்சுகீசிய வணிகர் நூனிஸ் எழுதியிருக்கிறார். அவர்களில் ஒருவரான அச்சுதராயரே அடுத்த மன்னரானார். கோட்டையிலிருந்து வெளிவந்தவர் நேரே தலைநகருக்கு விரையவில்லை. 1529-இல் அவர் முடிசூடியதைக் காளஹஸ்திக் கல்வெட்டு குறிக்கிறது. திருமலையில் நடந்த அபிஷேகத்தை அவர் காலக் காவியம் பாடுகிறது. தெய்வ சன்னிதியில் முடியேற்ற பிறகே ஹம்பிப் பயணம். போட்டியாளர்கள் காத்திருக்கும் தலைநகருக்கு, முடிசூடாமல் போவதில் உள்ள ஆபத்தை அவர் அறிந்திருந்தார்.

தலைக்கோட்டைப் போருக்குப்பின் சிறை, தலைநகரானது. 1590-களில் வேங்கடபதி ராயர் சந்திரகிரிக்கு அரசிருக்கையை மாற்றினார். நிலப்பரப்பு சுருங்கியிருந்தாலும் அரசவை சுருங்கவில்லை. ஜேசு சபைப் பாதிரிமார்கள் அங்கே வரவேற்கப்பட்டனர். அக்பரின் தூதர்கள் வந்து சென்றதைப் பாதிரிமாரின் கடிதங்கள் தெரிவிக்கின்றன. ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்புடன் கடிதப் போக்குவரத்து இருந்தது. சாந்தோமில் போர்ச்சுகீசியர் இருக்க, 1610-இல் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களுக்கு இடம் கொடுத்தார் வேங்கடவர். ஒரு வெளிநாட்டவரை நம்பியிராமல் இருவரை எதிரெதிரே நிறுத்தும் உத்தி அது. அவர் இருந்தவரை பலித்தது.

1614-இல் அவர் மறைந்ததும் வாரிசுப் போர் மூண்டது. அரச குடும்பமே கொல்லப்பட, ஓர் இளவரசன் மட்டும் சலவைத் தொழிலாளி ஒருவரின் உதவியால் தப்பியதாக 1616 டிசம்பரில் கொச்சியிலிருந்து பாதிரியார் பராதாஸ் எழுதிய கடிதம் கூறுகிறது. அந்தச் சிறுவனுக்காக யாசம நாயக்கரும் தஞ்சை ரகுநாத நாயக்கரும் ஒருபுறம். மதுரை, செஞ்சி நாயக்கர்களைச் சேர்த்துக்கொண்ட ஜக்கராயர் மறுபுறம். காவிரிக் கரையில், தோப்பூரில் நடந்த போரில் ஜக்கராயர் மாண்டார். சந்திரகிரி, வேலூர் அரசியலின் தீர்ப்பு திருச்சிராப்பள்ளிக்கு அருகே எழுதப்பட்டது. எனினும், வென்றவராலும் பேரரசை மீட்க முடியவில்லை.

சென்னை நகரம் பிறந்த கதையும் இங்கே வந்து சேர்கிறது. 1639-இல் கிழக்கிந்திய கம்பெனியின் பிரான்சிஸ் டேக்குச் சென்னப்பட்டின நிலம் அளிக்கப்பட்டது ராஜ மஹாலில்தான் என்று சந்திரகிரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லப்படுவதுண்டு. ஆனால், கம்பெனி ஆவணங்களில் உள்ள 1639-ஆம் ஆண்டுக் கொடைப் பத்திரம் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரின் பெயரில் இருக்கிறது. ராயர் ஸ்ரீரங்கரின் ஒப்புதல் 1645-ஐச் சேர்ந்தது. வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். மேலதிகாரம் மன்னரிடம் இருக்க, கடற்கரை நிலத்தை ஒரு நாயக்கரே கொடுத்துவிட முடிந்தது என்பதில்தான் அன்றைய அரசின் உண்மை நிலை இருக்கிறது. அடுத்த ஆண்டுகளிலேயே கோல்கொண்டா படை இப்பகுதியைப் பிடித்தது.

அதன்பின் வந்த ஆர்க்காடு நவாபுகளுக்கும் கம்பெனிக்கும் திருமலை ஒரு வருவாய் இனமாக மட்டுமே தெரிந்தது. ராயர்கள் பணத்தை மலைக்கு ஏற்றினார்கள், இவர்கள் இறக்கினார்கள். 1843-இல் கம்பெனி, நிர்வாகத்தை ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் விட்டு ஒதுங்கியது.

எல்லைக் கோடு

1911-இல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர், வட ஆர்க்காட்டின் தலைநகராக இருந்த ஊர். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது வேங்கடம் யாருக்கு என்ற கேள்வி தமிழகத்தை உலுக்கியது. ம.பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தில் திருமலையின் தமிழ்க் கல்வெட்டுகள் ஒரு வாதமாகவும் இருந்தன. பட்டாஸ்கர் பரிந்துரையின்படி நாடாளுமன்றம் 1959-இல் எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்தில் நின்றது. அச்சட்டம் நிறைவேறிய காலத்தில் மக்களவைத் தலைவராக இருந்தவர், திருச்சானூரில் பிறந்து சித்தூர் தொகுதியிலிருந்து தேர்வான எம். அனந்தசயனம் ஐயங்கார். பழைய ஸ்தானத்தார் குழுவில் இடம்பெற்ற சபையாரின் அதே திருச்சானூர்.

நிலத்துக்கு எல்லை கிடைத்தது. படிப்புக்கும் அது எல்லையாகிவிட்டது. கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் பிறந்த எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், 1919-இல் விஜயநகர வரலாற்றுக்கான சான்றுகளை வடமொழி, தெலுங்கு நூல்களிலிருந்து தொகுத்தார். 1940-களின் தொடக்கத்தில் திருப்பதியின் வரலாற்றையும் எழுதினார். அந்தத் தலைமுறைக்குத் தமிழ், தெலுங்கு, வடமொழி மூன்றும் ஒரே மேசையில் இருந்தன. இன்று தெலுங்கு காவியம் தெரிந்தவர் தமிழ்க் கல்வெட்டைத் தொட முடிவதில்லை. தமிழ்க் கல்வெட்டு படிப்பவர் ஆமுக்தமால்யதாவை ஆங்கிலம் வழியாகவே அறிகிறார். போர்ச்சுகீசியக் கடிதங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மதுரை நாயக்கரின் தூதர் ஒருவர் பெயரில் தெலுங்கில் வழங்கும் "ராயவாசகமு" நூலைப் பற்றி விரிவாக எழுத, பிலிப் வாகனர் என்ற அமெரிக்க அறிஞர் 1993-இல் வர வேண்டியிருந்தது.

2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மைசூரில் உள்ள தமிழ்க் கல்வெட்டு மசிப்படிகளைச் சென்னைக்கு மாற்ற உத்தரவிட்டது. தமிழகத்தில் அது வரவேற்கப்பட்டது. மசிப்படி எந்த ஊரில் இருக்க வேண்டும் என்ற கேள்வி அரசியலாகிறது. அதைப் படிக்கப் பழகியவர் எத்தனை பேர், அடுத்த தலைமுறைக்குப் பல்கலைக்கழகங்களில் எத்தனை இடம் என்ற கேள்வி கேள்வி நேரத்தில் எழுவது அரிது. மின்னணுக் களஞ்சியத்தில் ஒரு லட்சம் கல்வெட்டு ஏறிய பிறகும் இக்கேள்வி அப்படியே இருக்கும்.

2022 ஏப்ரலில் ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தபோது, திருமலையும் சந்திரகிரியும் காளஹஸ்தியும் புதிய திருப்பதி மாவட்டத்துக்குச் சென்றன. சுவரில் உள்ள எழுத்துகளுக்கு அதனால் மாற்றமில்லை. அச்சுதராயர் காலத்தியதாயினும், கிருஷ்ணதேவராயர் காலத்தியதாயினும், அக்கல்வெட்டுகள் பெரும்பாலும் ஒரே முத்திரையுடன் முடிகின்றன. பெற்றுக்கொண்ட பணத்துக்கும் செய்ய வேண்டிய கடமைக்கும் பொறுப்பேற்று, ஸ்தானத்தார் பணிக்க எழுதியதாகக் கோயில் கணக்கு திருநின்றஊருடையான் கையெழுத்திடுகிறார். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்துக் கணக்கர்கள், தெலுங்கும் கன்னடமும் பேசிய மன்னர்களின் வரவு செலவைத் தமிழில் எழுதி வைத்தனர். அவர்கள் பெயரில் உள்ள திருநின்றவூர், சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகத் திருப்பதி செல்லும் ரயில் பாதையில் இன்று ஒரு புறநகர் நிலையம்.